சத்தம் காதிலா, கம்பியிலா

ஸோம்பா
ஜனவரி 16, 2018

அன்புள்ள சுஸ்கோ,

உங்கள் வடக்கத்தி மொழியில் உன் பெயருக்குத் ‘தொல்லை’ என்று பொருள். உன் அம்மா யோசித்துத்தான் வைத்திருக்கிறாள். கிறிஸ்துமஸிலிருந்து உனக்குப் போன் போட்டுப் போட்டு என் கட்டைவிரல் தேய்ந்துவிட்டது. ஒருநாள் அணைத்து வைத்திருக்கிறாய், ஒருநாள் மணி அடித்துக்கொண்டே இருக்கிறது. அப்புறம் பழங்காலத்து ஆள் மாதிரி தபாலில் ஒரு பிரெய்லிக் கடிதம் வருகிறது: ‘போனெல்லாம் எனக்குப் பிடிப்பதில்லை.’ வானொலி நிலையத்தில் இத்தனை வருடம் ஒலித்தொகுப்பு செய்தவன் பேசுகிற பேச்சா இது? அந்த வேலையை விட்டுவிட்டு பிரெய்லி அச்சகத்தில் பிழை திருத்தப் போனதிலிருந்து நீ ரொம்பத்தான் மாறிவிட்டாய். வீட்டில் பொறாமைக்காரி ஒருத்தி இருந்தால் சொல்லிவிடு. நான் தப்பாக நினைக்க மாட்டேன். கொஞ்சம் நினைப்பேன்.

சரி, உன் வழிக்கே வருகிறேன். பள்ளிக்கூடத்துப் பிரெய்லிக் குத்தூசியைத் தேடி எடுத்துவிட்டேன். கையெல்லாம் வலிக்கிறது. காரியம் இருப்பதால்தான் எழுதுகிறேன்.

என் ஹெட்போனில் இரைச்சல் வருகிறது.

சிரிக்காதே. என் வேலை என்னவென்று உனக்குத் தெரியும். நிலத் தகராறு விசாரணைகளின் ஒலிப்பதிவைக் கேட்டுக் கேட்டுத் தட்டச்சு செய்வது. ஒரு பக்கம் சாட்சிகள் பேசுவார்கள், இன்னொரு பக்கம் கணினிக்குள் இருக்கிற ஆசாமி நான் அடித்ததை எனக்கு வாசித்துக் காட்டுவான். எனக்குக் கண்ணும் அதுதான், சோறும் அதுதான். புது வருடத்துக்குப் பிறகு இரண்டு பேர் குரலுக்கும் நடுவில் ‘ஸ்ஸ்ஸ்’ என்று ஒன்று ஓடிக்கொண்டே இருக்கிறது. நடுநடுவே சடசடவென்று வெடிக்கிறது.

போன வாரம் ஒரு விதவையின் சாட்சியம். ‘நிலத்தை மைத்துனனுக்கு நான் கொடுக்கவில்லை’ என்று அவள் சொல்லியிருக்கிறாள். நம் சிச்சேவா மொழியில் ‘இல்லை’ என்பதே சொல்லின் தலையில் வருகிற ஒரு சின்ன ‘சி’தானே. அந்தச் ‘சி’யை இரைச்சல் தின்றுவிட்டது. நான் ‘கொடுத்தேன்’ என்று அடித்து அனுப்பிவிட்டேன். தீர்ப்புக்குப் போவதற்கு முன் யாரோ கண்டுபிடித்ததால் அந்தப் பெண்ணின் நிலம் தப்பியது.

மேலாளர் சிசாலே ஐயா என்னைக் கூப்பிட்டார். திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. “தியாமிகே, காது சரியில்லைன்னா சொல்லிடும்மா. ஈஸ்டர் வரைக்கும் பாக்கலாம். அதுக்கப்புறம் டோரிகாகிட்ட குடுத்துடலாம்” என்றார். டோரிகா பக்கத்து மேசைக்காரி. கண் தெரிந்தவள். என் நாற்காலி ஜன்னலோரம் இருக்கிறது, அவளுக்கு அதன்மேல் ஒரு கண்.

என்ன செய்யட்டும், சொல்.

தியாமிகே


ம்ஸூஸூ
ஜனவரி 25, 2018

அன்புள்ள தியா,

பொறாமைக்காரி யாரும் இல்லை. வீட்டில் நானும், கூரையில் ஒழுகுகிற மழையும்தான். உன் கடிதத்தில் எத்தனை பிழை தெரியுமா? பிழை திருத்துகிறவனுக்கு இப்படி எழுதலாமா? விரலில் முள் குத்துவது மாதிரி இருந்தது. ஆனாலும் மூன்று தரம் தடவிப் படித்தேன்.

இப்போது வேலைக்கு வருவோம். இரைச்சலை விரட்டுவது பேன் பார்ப்பது மாதிரி, ஒவ்வொரு இடமாகத்தான் போகவேண்டும்.

முதலில் உன் கைபேசியை மேசையிலிருந்து தூரமாக வை. அழைப்பு வருவதற்கு முன்னால் ‘டிர்ர் டிட் டிட்’ என்று ஒன்று அடித்தால் அது போனின் வேலை. அடுத்தது, ஹெட்போன் முனையை வெளியே இழுத்து உன் சட்டை நுனியால் துடை. துளைக்குள் காய்ந்த குச்சியில் பஞ்சைச் சுற்றி மெதுவாகத் துழாவு. உன்னை எனக்குத் தெரியும், நீ மேசையில்தான் சாப்பிடுவாய். அப்புறம் முனையை ‘டக்’ என்று உட்காரும்வரை அழுத்து. பாதி நுழைந்திருந்தாலும் சடசடக்கும். கம்பியை முனைக்குப் பக்கத்தில் பிடித்து மெல்ல வளைத்துப் பார். வளைக்கும்போது சத்தம் மாறினால் உள்ளே அறுந்திருக்கிறது.

வேறொரு ஹெட்போன் கடன் வாங்கிப் போட்டுப் பார். அதிலும் இரைச்சல் வந்தால் ஹெட்போன் பாவம், அதை விட்டுவிடு. ஒலியை முழுக்கக் கூட்டி வைத்திருந்தால் பாதியாகக் குறை. மைக் திறந்திருந்தால் மூடு, அறையில் இருக்கிற காற்றாடிச் சத்தத்தையெல்லாம் அது அள்ளிக் கொண்டுவந்து போடும்.

கடைசியாக, சார்ஜரைக் கழற்றிவிட்டு வெறும் பாட்டரியில் கேட்டுப் பார். மின்சாரக் கம்பி வழியாக வருகிற இரைச்சல் அப்போது நின்றுவிடும்.

அவசரப்படாதே. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று.

உன் தொல்லை


ஸோம்பா
பிப்ரவரி 6, 2018

அன்புள்ள தொல்லையே,

துளைக்குள்ளிருந்து மந்தாஸித் துணுக்கு வந்தது! வாயில் போடும்போது மெத்தென்று இருக்கிற பலகாரம், உள்ளே போய்க் கல்லாகியிருந்தது. அலுவலகமே சிரித்தது. டோரிகா, “அக்கா, கம்ப்யூட்டருக்கும் பசிக்கும்னு ஊட்டி விட்டீங்களா?” என்றாள். எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை.

சடசடப்பு நின்றுவிட்டது. அதற்கு உனக்கு ஒரு கும்பிடு. கைபேசியைப் பைக்குள் போட்டுப் பையை அலமாரியில் வைத்தேன், ‘டிட் டிட்’டும் போயிற்று. ஆனால் அந்த ‘ஸ்ஸ்ஸ்’ போகவில்லை. அதன் அடியில் ஒரு உறுமலும் இருக்கிறது, தூரத்தில் மாவு மில் ஓடுவது மாதிரி. ஒலியைக் குறைத்தேன், மைக்கை மூடினேன். தேவாலயப் பாடகர் குழுவில் கடன் வாங்கிய ஹெட்போனிலும் அதே சத்தம்.

பாட்டரி சோதனை செய்ய வழியில்லை. என் கணினியின் பாட்டரி செத்துப் பல மாதம் ஆகிறது. சார்ஜரைப் பிடுங்கினால் ஆசாமி பாதி வாக்கியத்தில் மூச்சை விட்டுவிடுவான்.

சுஸ்கோ, இன்னொன்று. இதை எழுதலாமா வேண்டாமா என்று தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ப் படுத்த பிறகும் அந்த ‘ஸ்ஸ்ஸ்’ கேட்கிறது. மெல்லியதாக. தகரக் கூரையில் மழை பெய்தால் தெரிவதில்லை. மழை விட்டதும் தெரிகிறது.

ஒருவேளை மழையாகவே இருக்கலாம்.

மாம்பழக் காலம் முடியப் போகிறது. உனக்காக ஒன்று சாப்பிட்டேன்.

தியாமிகே


ம்ஸூஸூ
பிப்ரவரி 14, 2018

தியா,

இனிமேல் ஒரே ஒரு சோதனைதான் பாக்கி. அதை முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும், சொல்லவில்லை.

சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போதே ஹெட்போனைக் கழற்றி வேறொருவர் காதில் வை. ‘என்ன கேக்குது?’ என்று கேள். அவ்வளவுதான். டோரிகா பக்கத்திலேயே இருக்கிறாள்.

இதைத் தள்ளிப்போடாதே.

சுஸ்கோ


ஸோம்பா
பிப்ரவரி 21, 2018

சுஸ்கோ,

இத்தனை மாதமாகப் போனை எடுக்காதவன், நாலு வரிக் கடிதத்தில் எனக்கு உத்தரவு போடுகிறாயா?

டோரிகாவிடம் நான் கேட்க மாட்டேன். அவள் போட்டுப் பார்த்துவிட்டு, ‘ஒண்ணும் கேக்கலியே அக்கா’ என்று சொன்னால்? அந்த நிமிடமே சிசாலே ஐயா அறைக்குப் போய்விடுவாள். நான் நாற்காலியைக் காலி செய்ய வேண்டியதுதான். நாற்காலி போனால் போகட்டும். அதற்கப்புறம் எனக்கு என்ன மிச்சம்? கண் எனக்குப் பிறவியிலேயே இல்லை, அதற்காக ஒருநாளும் அழுததில்லை. இல்லாததற்கு எதற்கு அழுகை? காது அப்படியில்லை. சந்தையில் யார் வருகிறார்கள், மினிபஸ் எந்தப் பக்கம் திரும்புகிறது, அக்கா மகள் பொய் சொல்கிறாளா, எல்லாம் காதில்தான் இருக்கிறது. அதுவும் போகிறது என்று ஒருத்தி வாயால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டுமா?

உனக்கு இது புரியாது. உன் காது பற்றிப் பள்ளிக்கூடமே பெருமையடித்துக்கொண்டது. வாத்தியார் செருப்புச் சத்தத்தை வைத்தே அவர் கோபமாக வருகிறாரா என்று சொல்லுவாய்.

எனக்கு இப்போது வேண்டியது சோதனை இல்லை. ஒரு மனுஷக் குரல். நீ ஒருதரம் போனில் ‘பயப்படாதே’ என்று சொல்லியிருந்தால் போதும். அதற்கும் மனமில்லாதவன் இனிமேல் எழுதவும் வேண்டாம்.

தியாமிகே


ம்ஸூஸூ
மார்ச் 1, 2018

என் தியா,

எழுத வேண்டாம் என்றாய். எழுதுகிறேன். பிடிக்காவிட்டால் அடுப்பில் போடு.

போன வருடம் வானொலி நிலையத்தில் என் ஹெட்போனில் இரைச்சல் வந்தது. நீ சொல்கிற அதே ‘ஸ்ஸ்ஸ்’. துளையைத் துடைத்தேன். கம்பியை மாற்றினேன். மூன்று ஹெட்போன் மாற்றினேன். சார்ஜரைப் பிடுங்கிப் பாட்டரியில் கேட்டேன். கணினியையே மாற்றச் சொல்லி நிலையத் தலைவரிடம் சண்டை போட்டேன், மாற்றினார்கள். உனக்கு எழுதிய ஒவ்வொரு சோதனையும் நான் செய்து பார்த்ததுதான். கடைசிச் சோதனையை மட்டும் செய்யவில்லை. ஏன் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை. உன் கடிதத்திலேயே எழுதியிருக்கிறாய்.

ஒருநாள் வாசலில் இருக்கிற காவல்காரரைக் கூப்பிட்டு அவர் காதில் வைத்தேன். “அண்ணே, என்ன கேக்குது?” என்றேன். கொஞ்ச நேரம் கேட்டார். “ஒண்ணுமில்லையே தம்பி. சுத்தமா இருக்கே” என்றார். நல்ல சேதி சொல்வதாக நினைத்துக்கொண்டு என் முதுகில் வேறு தட்டினார்.

இடது காதில் இப்போது எதுவும் இல்லை. வலதில் பாதி இருக்கிறது. பக்கத்தில் உட்கார்ந்து பேசினால் புரியும். போனில் வருகிற குரல் கம்பளிக்குள்ளிருந்து பேசுவது மாதிரி இருக்கும். யார் என்பது தெரியும், என்ன என்பது தெரியாது. ஆஸ்பத்திரியில் நரம்பு என்றார்கள், இருக்கிறதைப் பத்திரமாக வைத்துக்கொள் என்றார்கள். அதனால்தான் நிலையத்தை விட்டேன். அச்சகத்தில் விரல் போதும்.

நீ போன் போட்டபோதெல்லாம் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மணி அடிக்கிற அதிர்வு உள்ளங்கையில் தெரியும். அது நீதான் என்று நினைத்துக்கொள்வேன். எடுத்தால், நீ ஒன்று கேட்க நான் வேறொன்று சொல்வேன். நீ சிரிப்பாய். பிறகு சிரிக்காமல் இருப்பாய். அந்த இரண்டாவதற்குத்தான் பயந்தேன்.

நான் தள்ளிப்போட்ட மாதங்களில் என் பிழைகளால் இரண்டு செய்திகள் தப்பாகப் போயின. அதைவிட, அத்தனை மாதமும் தனியாக இருந்தேன். நீ அப்படி இருக்காதே. டோரிகாவிடம் கேள். அவள் சத்தம் கேட்கிறது என்றால், சிரித்துவிட்டு எனக்கு எழுது. ஒன்றும் கேட்கவில்லை என்றாலும் எழுது. அந்தப் பாதையில் முன்னால் நடந்தவன் ஒருவன் இருக்கிறான். எங்கே பள்ளம், எங்கே கல் என்று எனக்குத் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு போகலாம்.

பயப்படாதே.

சுஸ்கோ


ஸோம்பா
மார்ச் 9, 2018

சுஸ்கோ, சுஸ்கோ,

உன் கடிதம் திங்கட்கிழமை தேநீர் வேளையில் வந்தது. மேசைக்கு அடியில் மடியில் வைத்துத் தடவினேன். ‘உள்ளங்கையில் தெரியும்’ என்ற இடத்துக்கு வந்ததும் எழுந்து கழிப்பறைக்குப் போய்த் தாழ் போட்டுக்கொண்டேன். அங்கே நின்று உன்னைத் திட்டினேன். எவ்வளவு திட்டினேன் என்பதை எழுதினால் தபால்காரர் கொண்டுவர மாட்டார்.

வெளியே வந்தேன். நேரே டோரிகா மேசைக்குப் போனேன். நாற்காலியில் போய் உட்கார்ந்தால் தைரியம் போய்விடும் என்று தெரியும்.

“டோரிகா, என் மேசைக்கு வந்து ஹெட்போனைக் கொஞ்சம் காதுல வெச்சுப் பாரேன்.”

“நானா? எதுக்கு அக்கா?”

“எதுக்குன்னு அப்புறம் சொல்றேன். என்ன கேக்குதுன்னு மட்டும் சொல்லு.”

அவள் வந்தாள். சோப்பு வாசனை. நான் பதிவை ஓடவிட, மேசையில் கிடந்த ஹெட்போனை எடுத்துப் போட்டுக்கொண்டாள். சுஸ்கோ, அந்த நேரத்தில் எனக்கு வெளியே ஒரு சைக்கிள் மணி கேட்டது, யாரோ காகிதம் கிழிப்பது கேட்டது. எல்லாவற்றையும் பிடித்து வைத்துக்கொள்ளப் பார்த்தேன்.

“ஐயய்யோ!” என்று கத்தினாள். “என்ன அக்கா இது? எண்ணெயில மீன் பொரிக்கிற மாதிரி சத்தம்! இதையா காலையிலேர்ந்து சாயங்காலம் வரைக்கும் கேட்டுட்டு உக்காந்திருக்கீங்க?”

“உனக்குக் கேக்குதா?”

“கேக்குதாவா? பல்லெல்லாம் கூசுது!”

நான் அழுதுவிட்டேன். அவள் பயந்துபோய், “நான் என்ன தப்பா சொல்லிட்டேன்?” என்று என் தோளைப் பிடித்துக்கொண்டாள். “மறுபடி சொல்லு” என்றேன். “மீன் பொரிக்கிற மாதிரியா?” “ஆமா, அதேதான், சொல்லு.” பைத்தியம் என்று நினைத்திருப்பாள்.

சார்ஜரைப் பற்றி நீ எழுதியதைச் சொன்னேன். அவள் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தாள். பழைய சார்ஜர் கிறிஸ்துமஸ் இடியில் எரிந்துபோனது. அதற்குப் பதில் யாரோ சந்தையில் இரண்டு முள் சார்ஜர் வாங்கி, சுவரில் இருக்கிற மூன்று துளையில் மேல் துளைக்குள் ஒரு பேனாவைச் சொருகி நெம்பித் திணித்திருக்கிறார்கள். இரைச்சல் வந்ததும் அதற்கப்புறம்தான். எனக்கு யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை.

“நில அதிர்ச்சிக் கம்பியே இல்லாம ஓடுது” என்றாள். எர்த் கம்பியை அப்படிச் சொன்னாள், பாவம். தன் கணினியின் மூன்று முள் சார்ஜரைக் கழற்றி எனக்குச் சொருகினாள். இரண்டு கணினியும் ஒரே வகை. நான் ஹெட்போனைப் போட்டு, அந்த விதவையின் சாட்சியத்தை மறுபடி ஓடவிட்டேன்.

சுஸ்கோ, எவ்வளவு அமைதி! அந்த விதவை மூச்சு விடுவதுகூடக் கேட்டது. ‘சி’ என்று அவள் சொல்வது, மேசையில் கை வைத்து அடித்துச் சொல்வது மாதிரி இருந்தது.

டோரிகா என் சார்ஜரைத் தானே வைத்துக்கொண்டாள். “நான் எங்க அக்கா ஹெட்போன் போடறேன்?” என்றாள். நாற்காலி விஷயமும் கேட்டுவிட்டேன். “ஜன்னலோரமா? வெயில் மூஞ்சியில அடிக்கும், எனக்கு எதுக்கு?” என்கிறாள். இவ்வளவு நாளாக இந்தப் பெண்ணை மனசுக்குள் என்னவெல்லாம் சொல்லியிருக்கிறேன்! சிசாலே ஐயாவிடம் அவளே போய், “காது இல்லைங்கய்யா, கம்பி” என்று சொல்லிவிட்டாள்.

படுத்தால் கேட்ட சத்தமும் குறைந்துகொண்டே வருகிறது. இருந்தாலும் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காட்டினேன். அழுக்கு எடுத்தார்கள். நாள் முழுக்க இரைச்சல் கேட்ட களைப்பு என்றார்கள்.

என் கதை அவ்வளவுதான். இப்போது உன் கதை. எனக்கு நல்ல சேதி கிடைத்த அன்றைக்கு உனக்குக் கிடைக்காமல் போனதை நினைத்துக்கொண்டேன். அந்த ‘சுத்தமா இருக்கே’வை நீ தனியாக வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போயிருக்கிறாய். எனக்குச் சொல்லவில்லை. அதற்கு உன்னை மன்னிக்கவில்லை, நேரில் வந்து மன்னிக்கிறேன். ஈஸ்டருக்கு விடுமுறை கேட்டுவிட்டேன்.

தியாமிகே


ம்ஸூஸூ
மார்ச் 17, 2018

தியா,

மீன் பொரிக்கிற சத்தம் என்று படித்ததும் நான் சத்தமாகச் சிரித்தேனாம். அச்சகத்தில் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்களாம், பக்கத்து ஆள் சொன்னான். டோரிகாவுக்கு என் கும்பிடு.

வருவதைப் பற்றி. வா. வேண்டாம் என்று சொல்ல எனக்குத் தெம்பு இல்லை. ஆனால் ஒன்றை யோசித்துவிட்டு வா. வலது காதும் போகலாம். எப்போது என்று யாரும் சொல்லவில்லை. கண்ணும் இல்லாமல் காதும் இல்லாமல் உட்கார்ந்திருக்கிறவனோடு நீ என்ன பேசுவாய்? பரிதாபப்பட்டு வருவதென்றால் வராதே. எனக்கு அது தாங்காது.

பஸ் நிலையத்தில் கூப்பிட்டால் எனக்குக் கேட்காது. டிக்கெட் ஜன்னலுக்குப் பக்கத்துத் தூணில் கை வைத்துக்கொண்டு நிற்பேன்.

சுஸ்கோ


ஸோம்பா
ஏப்ரல் 8, 2018

என் சுஸ்கோ,

ஊர் வந்து சேர்ந்தேன். லிலோங்வேயில் பஸ் மாறும்போது நீ கொடுத்த மீன் பொட்டலத்தை ஒருவன் மிதித்துவிட்டான், மீதியைத் தின்றாயிற்று.

‘என்ன பேசுவாய்’ என்று கேட்டிருந்தாயே. நாலு நாளும் பேசி முடியவில்லை. உன் வலது பக்கம் உட்கார்ந்து பேசினேன். மழை பிடித்துக்கொண்டு தகரம் அலறியபோது உன் கைகளை இழுத்து என் மடியில் வைத்துக்கொண்டேன். பிரெய்லிக்கு ஆறு புள்ளி. உன் இரண்டு கையிலும் மூன்று மூன்று விரலை அந்தப் புள்ளிகளாக வைத்துக்கொண்டேன். ஒவ்வொரு எழுத்தாக அழுத்தினேன். நீ முதலில் ‘பிழை’ என்றாய். மறுபடி அழுத்தினேன். அப்புறம் நீ என் விரல்களைப் பிடித்துக்கொண்டாய். மழை விட்ட பிறகும் நாம் கையை எடுக்கவில்லை. பரிதாபப்பட்டவள் அப்படி உட்கார்ந்திருப்பாளா? நீயே சொல்.

‘என்னைக் கட்டிக்கொள்கிறாயா’ என்று பள்ளிக்கூடத்திலேயே நீ கேட்டிருக்க வேண்டியது. அப்போது கேட்கவில்லை, வடக்கே போய்விட்டாய். நேற்று மாமாவிடம் சொல்லிவிட்டேன். “அவனுக்குக் காதும் போயிட்டிருக்குங்கறியே?” என்றார். “ஆமாம் மாமா, அதனாலதான் நான் சொல்ற எதுக்கும் எதிர்த்துப் பேச மாட்டான்” என்றேன். சிரித்துவிட்டார். பிறகு, “முறைப்படி அவங்க பக்கத்து ஆள் நிச்சயத்துக்குச் சேவலோட வரட்டும். மாத்திக்க நம்ம பக்கம் கோழி தயாரா இருக்கும்” என்றார்.

இனி உன் பாடு.

தியாமிகே


ம்ஸூஸூ
ஏப்ரல் 19, 2018

என் தியா,

சித்தப்பா வருகிற மாத முதல் வாரத்தில் உன் மாமாவைப் பார்க்க வருகிறார். நானும் வருகிறேன்.

சேவல் வாங்கிவிட்டேன். சிவப்பு என்று சொல்லி விற்றார்கள், எனக்கென்ன தெரியும்? நல்ல கனம், நெஞ்சு கல் மாதிரி இருக்கிறது, கையில் எடுத்தால் கொத்துகிறது. ஜன்னலுக்கு வெளியே கட்டி வைத்திருக்கிறேன். நேரம் காலம் தெரியாமல் கத்துகிறது என்று பக்கத்து வீட்டம்மா தினமும் சண்டைக்கு வருகிறாள். “இன்னும் ரெண்டு வாரம் பொறுத்துக்குங்க அக்கா, கல்யாணச் சேவல்” என்றேன். “உனக்கென்னப்பா, உனக்குக் கேக்காது” என்றாள்.

கேட்கிறது தியா. விடிந்ததும் வலது காதை ஜன்னல் பக்கம் வைத்துப் படுத்துக்கொள்கிறேன். நன்றாகக் கேட்கிறது.

சுஸ்கோ